ஒரு பிரிண்டர், மூன்று கணினி: யார் விழித்திருப்பது?

நீங்கள் 'பிரிண்ட்' கொடுக்கும் நேரத்தில் வீட்டில் எந்தெந்தப் பெட்டி விழித்திருக்க வேண்டும்? பிரிண்டரைப் பகிரும் வழிகளை நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் தரம் பிரிப்பேன்.

யூஎஸ்பி கேபிளில் ஒரு கணினியோடு மாட்டி, அங்கிருந்து மற்றவற்றுக்குப் பகிர்வது பழைய வழி. காசு செலவில்லை. விண்டோஸில் பிரிண்டரின் 'ஷேரிங்' பக்கத்தில் ஒரு டிக் போட்டால் முடிந்தது என்பார்கள். முடியாது. நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். எல்லாம் சரியாக அமைந்தாலும் அந்தக் கணினி தூங்கிவிட்டால் கதை முடிந்தது. வெகுநாள் நானும் இப்படித்தான் ஓட்டினேன். மடிக்கணினியிலிருந்து நான்கு பக்கம் கொடுப்பேன், வராது. இன்னும் இரண்டு தரம் கொடுப்பேன். சாயங்காலம் யாராவது மேஜைக் கணினியை எழுப்பியதும் பன்னிரண்டு பக்கமும் வரிசையாக வந்து விழும்.

இன்னொரு தலைவலியும் உண்டு. 2021இல் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டதும் விண்டோஸ் பிரிண்டர் பகிர்வை இறுக்கிப் பிடித்தது. நேற்றுவரை ஓடிய பிரிண்டர் அப்டேட்டுக்குப் பிறகு '11பி' என முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றது பல வீடுகளில் நடந்தது. எல்லாக் கணினிகளையும் ஒரே அளவுக்கு அப்டேட் செய்வதுதான் நல்ல மருந்து. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து அந்தப் பாதுகாப்பை அணைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ரவுட்டரின் பின்னால் இருக்கும் யூஎஸ்பி துளை ஆசை காட்டும். ரவுட்டர் எப்போதும் விழித்திருக்கும் என்பதால் என் கேள்விக்கு நல்ல பதில்தான். ஆனால் சில ரவுட்டர்கள் ஒவ்வொரு கணினியிலும் தனி மென்பொருள் நிறுவச் சொல்லும். மை எவ்வளவு மிச்சம் என்ற தகவலும் ஸ்கேனும் பெரும்பாலும் வராது. வெறும் அச்சு மட்டும் போதும் என்பவர் முயன்று பார்க்கலாம்.

பிரிண்டரிலேயே வைஃபையோ லேன் துளையோ இருந்தால் வேறெங்கும் போக வேண்டாம். பிரிண்டர் தானே விழித்துக்கொள்ளும், இடையில் ஆள் தேவையில்லை. 2010இல் வந்த ஆப்பிளின் ஏர்பிரின்ட் வசதி இருந்தால் ஐபோன், மேக் எதற்கும் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) கூட வேண்டாம். இதிலும் மூன்று இடத்தில் கால் இடறும். பல வீட்டுப் பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். கணினி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தாலும் ரவுட்டர் ஒன்றுதான் என்றால் பேசிக்கொள்ளும், பயம் வேண்டாம். விருந்தினர் வைஃபையில் மாட்டினால் மட்டும் ஒன்றையொன்று பார்க்காது. மூன்றாவதுதான் அதிகம் படுத்துவது: ரவுட்டர் ஒருநாள் அணைந்து எழுந்ததும் பிரிண்டரின் முகவரி 192.168.1.7லிருந்து 192.168.1.12க்கு மாறிவிடும், கணினி பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு 'ஆஃப்லைன்' என்று சொல்லும். ரவுட்டரில் முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி பக்கத்தில் பிரிண்டருக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவையுங்கள். பிறகு விண்டோஸில் அந்த முகவரிக்கே டிசிபி ஐபி போர்ட் (நெட்வொர்க் வழி இணைப்பு) போட்டுப் பிரிண்டரைச் சேர்த்துவிடுங்கள். அப்புறமும் ஆஃப்லைன் என்றால், அந்தப் போர்ட்டின் அமைப்பில் பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் எஸ்என்எம்பி டிக்கை எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, எத்தனையோ புலம்பலை அடக்கியிருக்கிறது.

நல்ல நிலையில் ஓடும் பழைய யூஎஸ்பி பிரிண்டரைத் தூக்கிப்போட மனம் வராதவர்களுக்கு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியும், பிரிண்டரைப் பகிரும் கப்ஸ் மென்பொருளும் போதும். சில வாட் மின்சாரத்தில் நாள் முழுக்க விழித்திருக்கும். வைஃபையே இல்லாத பிரிண்டர் ஐபோனுக்கும் தெரியத் தொடங்கும். பிரவுசரில் அந்தக் குட்டிக் கணினியின் 631ஆம் போர்ட்டைத் (கப்ஸின் எண் வாசல்) திறந்து அமைக்க வேண்டும். பகிர்வுக்கு இரண்டு டிக் உண்டு: ஒன்று கப்ஸ் முழுமைக்கும், மற்றது அந்தப் பிரிண்டருக்கு. இரண்டாவதை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் கேபிளைச் சந்தேகித்தவன் நான். ராஸ்பெர்ரி பை வாங்குமுன் உங்கள் பிரிண்டருக்கு, அதில் இருக்கும் ஏஆர்எம் வகைச் செயலியில் ஓடும் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மலிவு லேசர்கள் சிலவற்றுக்குச் சாதாரணக் கணினிக்கான லினக்ஸ் டிரைவர் மட்டுமே கிடைக்கும், அது ராஸ்பெர்ரி பையில் ஏறாது. 631ஐ ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடவும் கூடாது.

ஸ்கேனருக்கு இந்த ஏற்பாட்டில் கப்ஸ் உதவாது, சேன் என்ற இன்னொரு மென்பொருளை நிறுவ வேண்டும். அதோடு மல்லுக்கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்த பிறகு, ஸ்கேன் என்றால் கைப்பேசி கேமராவைத்தான் எடுக்கிறேன்.