செமாகுளுடைடா, டிர்செபடைடா?

உடல் எடையைக் குறைக்க உதவும் இந்த இரண்டு மருந்துகளில் எது யாருக்கு? இரண்டையுமே வாரம் ஒருமுறை தோலடியில் ஊசியாகப் போடலாம். இவை வேலை செய்வதில் இரைப்பை மெதுவாகக் காலியாவது ஒரு பங்கு. பசி அடங்குவது பெரும்பாலும் மூளையில். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் பசியைக் கிளப்பும் நரம்பணுக்களும் ‘போதும்’ என்று சொல்பவையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. செமாகுளுடைட், சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனின் ஏற்பி (அதன் சமிக்ஞையை வாங்கும் புரதம்) வழியாக இரண்டாவது கூட்டத்தை உசுப்புகிறது. டிர்செபடைட் கூடவே ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் ஏற்பியையும் தூண்டுகிறது.

எடைக் குறைப்பில் டிர்செபடைட்தான் முன்னால். 2025இல் வெளியான நேரடி ஒப்பீட்டில் 72 வாரத்தில் சராசரியாக 20.2 சதவீதம் குறைந்தது, செமாகுளுடைடில் 13.7. ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு முதலில் யோசிக்க வேண்டியது செமாகுளுடைட். சர்க்கரை நோய் இல்லாத, இதய நோயுள்ள 17,604 பேரிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன.

பலர் தடுக்கி விழுவது டோஸில்தான். செமாகுளுடைட் 0.25 மி.கி.யில் தொடங்கி 0.5, 1, 1.7, 2.4 என்று நான்கு வாரத்துக்கு ஒரு படி ஏறும். டிர்செபடைட் 2.5 மி.கி.யில் தொடங்கி 2.5 வீதம் கூடி அதிகபட்சம் 15. அவசரப்பட்டுப் படி தாண்டினால் குமட்டலும் வாந்தியும் வரும் வாய்ப்பு அதிகம். மூளைத்தண்டிலுள்ள வாந்தி மையத்திலும் அதே ஏற்பிகள் உண்டு.

கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க: டிர்செபடைட் அதன் உறிஞ்சலைக் குறைக்கும். தொடங்கிய பின்னும் ஒவ்வொரு டோஸ் உயர்வுக்குப் பின்னும் நான்கு வாரம் ஆணுறையும் வேண்டும்.