கெர்னலில் இல்லாத வசதி: சோதனையைத் தவிர்ப்பதா, தோல்வி என்று பதிவதா?

நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவருக்குரிய சோதனைகளைத் தானியங்கியாக ஓட்டும்போது, சோதிக்க வேண்டிய வசதியே அந்தக் கெர்னலிலோ (இயங்குதளத்தின் மையப்பகுதி) கார்டிலோ இல்லாமல் போவது அன்றாடம் நேர்வது. லினக்ஸ் கெர்னலோடு வரும் சோதனைகளின் தொகுப்பான கேசெல்ஃப்டெஸ்ட், ஒரு சோதனை முடியும்போது திருப்பித் தரும் எண்களை, அதாவது வெளியேறும் குறியீடுகளை, வெற்றிக்கு 0, தோல்விக்கு 1, தவிர்ப்புக்கு 4 என்று வகுத்திருக்கிறது. எந்த நிலைக்கு எந்தக் குறியீடு என்பதை முடிவு செய்வது சோதனையை எழுதுபவரின் பொறுப்பு.

வசதி இல்லையென்றால் தோல்வி என்று பதிவது எளிது. ஆனால் நிரந்தரமாகச் சிவப்பில் கிடக்கும் வரியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பதால், அதை நான் பரிந்துரைக்கவில்லை.

கெர்னலின் கட்டமைப்புக் கோப்பை முன்கூட்டியே பார்ப்பது இரண்டாம் வழி. கெர்னல் எந்தத் தேர்வுகளோடு கட்டப்பட்டது என்பதை அது சொல்லும். டிரைவரும் கார்டும் அந்த வசதியைத் தருகின்றனவா என்பதைச் சொல்லாது. டிஎல்எஸ் ஆஃப்லோடுக்கான (இணையத் தொடர்பின் மறையாக்க வேலையைக் கார்டிடமே விடுவது) தேர்வு இயக்கப்பட்ட கெர்னலிலேயே, கார்டின் அமைப்புகளைக் காட்டும் எத்டூல் கருவியின் வசதிப் பட்டியல் அதை ‘ஆஃப்’ என்று காட்டி, மாற்ற முடியாது என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ‘ஃபிக்ஸ்டு’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கலாம்.

மூன்றாம் வழி, கட்டளையை அனுப்பிவிட்டு, வரும் பிழையைப் பார்த்து முடிவெடுப்பது. ‘இந்தச் செயல் ஆதரிக்கப்படவில்லை’ என்னும் 95ஆம் எண் பிழை வந்தால் தவிர்ப்பு. கெர்னலையே நேரடியாகக் கேட்பதால் மூன்றில் இதுவே நம்பகமானது. எனினும் இரண்டு இடங்களில் இது காலை வாரும். பிழை எண் எப்போதும் ஒழுங்காக வருவதில்லை: தவறான மதிப்பைக் குறிக்கும் 22 வரலாம், ஆதரவில்லை என்பதையே குறித்தாலும் கெர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டிய 524 சில டிரைவர்களிலிருந்து வெளியே கசிவதும் உண்டு. இரண்டாவது இதைவிடக் கவலைக்குரியது. நேற்றுவரை இயங்கிய ஒரு வசதியின் செயற்கூற்றை (அதைச் செய்யும் நிரல்பகுதியை) யாரோ ஒரு திருத்தத்தில் தவறுதலாக நீக்கிவிட்டால், கெர்னல் அதே 95ஐத்தான் திருப்பித் தரும். சோதனை அதைத் தவிர்ப்பு என்று பதிந்துகொண்டு கடந்துவிடும், எதைப் பிடிப்பதற்காக எழுதப்பட்டதோ அதையே கோட்டைவிடும்.

ஆகவே மூன்றாம் வழியை ஒரு கட்டுப்பாட்டோடு ஏற்பதே சரியென்று கருதுகிறேன். தொடக்கத்தில் ஒரே ஒருமுறை, நிலையை மாற்றாத ஒரு வினவலால் வசதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அங்கே 95 வந்தால் மட்டும் காரணத்தை எழுதித் தவிர்க்கலாம். 22ஐத் தவிர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் சோதனையே தவறான கோரிக்கையை அனுப்பியிருந்தாலும் அதே எண்தான் வரும். வசதி இருப்பதாக உறுதியான பிறகு, சோதனையின் நடுவில் 95 வந்தாலும் அது தோல்விதான். (கேசெல்ஃப்டெஸ்டில் எதிர்பார்த்த தோல்வி என்னும் 2ஆம் குறியீடும் உண்டு. அதை வசதி இருந்தும் சரியாக இயங்காது என்று முன்பே தெரிந்த இடங்களுக்கு ஒதுக்குவதே நல்லது என்பது என் கருத்து, இல்லாத வசதிக்கு அதைப் பயன்படுத்துவது குழப்பத்தையே தரும்.)

செயற்கூறு நீங்கிப்போகும் ஆபத்தை இந்தக் கட்டுப்பாடும் முழுமையாகத் தடுக்காது, ஏனெனில் தொடக்க வினவலே 95 பெற்றுவிடலாம். அதற்குச் சோதனைக்கு வெளியே ஒரு பட்டியல் வேண்டும்: எந்தக் கணினியில், எந்தக் கார்டில், எந்த வசதிகள் இருந்தாக வேண்டும் என்பதை எழுதிவைத்து, அவற்றில் ஒன்று தவிர்க்கப்பட்டால் அதைத் தோல்வியாக மாற்றும் வேலையைச் சோதனைகளை ஓட்டும் அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். வன்பொருளே தேவைப்படாத நெட்டெவ்சிம் போன்ற போலி டிரைவரில், அது வழங்கும் வசதிகள் எல்லாம் இந்தப் பட்டியலில் முதல் நாளிலேயே இடம்பெறலாம்.