குழந்தைகளோடு பாறை நடை: வள்ளிமலையிலிருந்து கண்டிக்கோட்டை வரை

காட்பாடிப் பக்கம் எந்த மொட்டை மாடியில் நின்றாலும் நாலு திசையிலும் பாறை மலைதான் தெரியும். ஆனாலும் "பிள்ளைங்களோட மலைக்குப் போறோம்" என்று சொன்னால் பக்கத்து வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "ஊட்டிக்கா, ஏற்காட்டுக்கா?" வேலூர் வெயிலில் பாறை மேல் நடப்பதை இங்கே யாரும் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை. பல வருடமாக நாங்கள் செய்து வருவது அதைத்தான். நான், கணவர், எட்டாவது படிக்கும் பெண், மூன்றாவது படிக்கும் பையன், அறுபதைத் தாண்டிய என் மாமியார். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரம்பித்த பழக்கம் இது. இப்போது அவன்தான் முன்னால் ஓடுகிறான், நாங்கள் பின்னால் கத்திக்கொண்டு போகிறோம்.

எந்த இடம் குடும்பத்துக்கு ஒத்துவரும், எந்தச் சாமானுக்குக் கொடுத்த காசு தகும் என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான். உயரம், கிலோமீட்டர் எல்லாம் அப்புறம். பாறை எத்தனை மணிக்குச் சூடேறும், திரும்பி வரும் வழி ஏற்றமா இறக்கமா, இந்த ரெண்டும் தெரிந்தால் போதும்.

பழகுவதற்கு வள்ளிமலையைவிட நல்ல இடம் எங்கள் பக்கத்தில் இல்லை. வேலூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அடிவாரத்திலிருந்து படிக்கட்டு, மேலே பாறையைக் குடைந்த முருகன் கோயில். சாமி கும்பிட வந்தவர்கள் அதோடு இறங்கிவிடுவார்கள். இந்த மலையிலேயே பாறைச் சரிவில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. கங்க மன்னன் ராசமல்லன் காலத்தவை, ஒன்பதாம் நூற்றாண்டு. தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்தக் குகையில், வெயில் ஏறிய பிறகும் தரை குளுகுளு என்றிருக்கும். பையன் அங்கே போனதும் சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாறையில் ஒட்டிப் படுத்துக்கொள்வான்.

ஐப்பசி மழைக்குப் பிறகு போனால் பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். உள்ளங்கை அகலக் குழியில்கூட தலைப்பிரட்டை நெளியும். பிள்ளைகள் அங்கே அரைமணி உட்கார்ந்துவிட்டால் உச்சி வரை போகவில்லையே என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு அன்றைய மலை அந்தக் குழிதான். ஆடிக் கிருத்திகை மாதிரி நாட்களில் மட்டும் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம், கூட்டத்தில் பிள்ளைகளைப் பிடித்துவைப்பதே வேலையாகிவிடும்.

சோளிங்கர் வேறு மாதிரி. நரசிம்மர் கோயில் இருக்கும் பெரிய மலைக்கு 1,305 படி. படி நன்றாக இருக்கிறது, ஆனால் குரங்கு! கையில் பாலிதீன் பை தெரிந்தால் தொலைந்தது. தின்பண்டம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டால் பெரும்பாலும் நம்மைச் சீண்டாது. 2024ல் ரோப் கார் வந்த பிறகு எங்களுக்கு ஒரு வசதி. முழங்கால் வலி அதிகமாக இருக்கும் நாளில் அத்தை ரோப் காரில் போகிறார், நாங்கள் நடந்து போய் மேலே சேர்ந்துகொள்கிறோம். நல்ல நாளில் அவர் வெறுங்காலோடு எங்களுக்கு முன்னால் ஏறிப் போய், மேலே உட்கார்ந்து "இன்னாடி, இவ்ளோ நேரமா?" என்று கேட்பார்.

ஏலகிரியில் கூட்டம் அதிகம், அங்கேயே இருக்கும் சுவாமிமலை ஏற்றத்தில் நிழல் உண்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. காட்டுப் பாதை எதுவானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகளுக்கு முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். கோடையில் தீப்பிடிக்கும் காலத்தில் மூடிவிடுவார்கள், தேதியைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

இனி வெயில். காலை நடைதான், மாலை நடை வேண்டவே வேண்டாம். சாயங்காலம் நாலரைக்கு வெயில் தணிந்த மாதிரி இருக்கும், ஆனால் பாறை தணியாது. பகலெல்லாம் குடித்த சூட்டை அப்போதுதான் கக்கும். பெரியவர்களுக்கு அது முழங்காலுக்குக் கீழே அடிக்கும் அனல், மூன்றரை அடி உயரப் பிள்ளைக்கு நேராக முகத்தில். விடியற்காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் ஒன்பதுக்குள் இறங்கிவிடலாம். மாசி முடிந்தால் எட்டரைக்கே இறங்கிவிடுவோம், சித்திரை வைகாசியில் போவதே இல்லை. நடக்கும்போது பையன் பேச்சை நிறுத்திவிட்டால் நானும் நின்றுவிடுவேன். வாயாடிப் பிள்ளை திடீரென்று அமைதியானால் அது களைப்பின் முதல் அடையாளம். நிழல், தண்ணீர், கொஞ்சம் உப்புப் போட்ட மோர் அல்லது ஓஆர்எஸ், கால் மணி ஓய்வு. அப்படியும் தேறாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், இறங்கிவிட வேண்டும்.

சாமான்களில் அதிகம் உழைத்தது பெண்ணின் ரப்பர் சோல் ஷூ. ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் ஷூ தைக்கும் ஊர்க்காரர்கள் நாம், ஷூவைப் பார்த்து வாங்கத் தெரியாமலா இருக்கும்? அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பஞ்சு போல அமுங்கினால் மலைக்கு ஆகாது. வேலிகாத்தான் முள் அதற்குள் வெண்ணெயில் ஊசி போல இறங்கும், ஒடிந்த நுனி உள்ளேயே தங்கி ரெண்டு நாள் கழித்துத்தான் குத்தத் தொடங்கும். விளம்பரத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய, பெயர் பெற்ற ஒரு மலையேற்ற ஷூ பாறைச் சூட்டில் ஒட்டுப் பிரிந்து வாய் பிளந்தது. கடையில் கேட்டதற்கு "வெயில்ல வச்சிருப்பீங்க" என்றார்கள். வெயிலில் நடக்கத்தானே அதை வாங்கியது! முள் எடுக்கும் இடுக்கியும் ஒரு பழைய வேட்டித் துணியும் எப்போதும் பையில் இருக்கும். துணியை நனைத்துத் தலையில் கட்டலாம், காலில் சுற்றலாம், விரித்து உட்காரலாம். குழந்தையை முதுகில் சுமக்கும் கம்பிச் சட்டப் பையை ரெண்டு வருடம் பயன்படுத்தினோம். படிக்கட்டில் அருமையாக இருந்தது. குனிந்து நுழையும் பாறை இடுக்கில் பிள்ளையின் தலை நம் தலைக்கு மேலே நிற்கும், அதைச் சுமப்பவர் மறந்துவிடுவார். அந்த மாதிரி வழிகளில் இறக்கி நடக்கவிடுவதுதான் சரி.

சாப்பாட்டுக்குப் புளிசாதம், வேர்க்கடலை உருண்டை. பிஸ்கட்டும் சிப்ஸும் தாகத்தை ஏற்றும், அவ்வளவே. இறங்கி வந்தால் மக்கன் பேடா இனிப்பு என்று பிள்ளைகளிடம் முதலிலேயே பேசிவைத்துவிடுவோம். ஆற்காட்டுக்காரர்களுக்கு அதன் பலம் தெரியும்.

இந்தப் பழக்கமெல்லாம் கண்டிக்கோட்டையில் தலைகீழாகிறது. அதனால்தான் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில் ஜம்மலமடுகுவிலிருந்து 15 கிலோமீட்டர். காட்பாடியிலிருந்து சித்தூர், பீலேர், ராயசோட்டி, கடப்பா வழியாகக் காரில் போகிறோம். விடியலில் கிளம்பினால் மதியச் சாப்பாடு அங்கே. அத்தைக்குத் தெலுங்கு சரளம், வழி கேட்பதும் விலை பேசுவதும் அவர் இலாகா. எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு பெண்ணாறு போகும் பள்ளத்தாக்கு அது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து நெல்லூர் வழியாகக் கடலுக்குப் போகிற ஆறு. நம் பாலாறு பிறப்பதும் அந்தப் பக்கம்தான் என்று சொன்னதும் பெண், "அப்போ நம்ம ஆத்துல மட்டும் ஏன் மணல்தான் இருக்கு?" என்று கேட்டாள். கடப்பா வரும் வரை அந்தப் பேச்சு ஓயவில்லை.

செங்கற்களை அடுக்கியது போலச் சிவந்த பாறைப் பலகைகள், கீழே பச்சைத் தண்ணீர். ஆழம் ஏறத்தாழ 300 அடி என்கிறார்கள். விளிம்பிலேயே கோட்டை. உள்ளே மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜும்மா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம். பிரெஞ்சு வைர வியாபாரி தவேர்னியே 1652ல் இங்கே வந்து கோல்கொண்டா தளபதி மீர் ஜும்லாவைச் சந்தித்திருக்கிறார். வேலூர்க் கோட்டையையே சுற்றிச் சுற்றி வளர்ந்த பிள்ளைகளுக்கு அகழி இல்லாத கோட்டை அதிசயமாக இருந்தது. ஒரு பக்கம் ஆறே அகழி என்று கணவர் காட்டியதும் புரிந்துகொண்டார்கள்.

மலையில் தெம்பு இருக்கும்போது ஏறுகிறோம், களைத்த பிறகு இறங்குகிறோம். பள்ளத்தாக்கில் முதலில் இறக்கம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே குதித்துக் குதித்துப் போவார்கள், "இன்னும் கொஞ்சம்" என்பார்கள். ஏற்றம் வரும்போது வெயிலும் ஏறியிருக்கும், தண்ணீரும் தீர்ந்திருக்கும். அதனால் அங்கே எங்கள் கணக்கு வேறு. கொண்டுபோகும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம். இறங்க ஆன நேரம் போல ரெண்டு மடங்கு ஏற ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை ஆற்றங்கரை வரை பிள்ளைகளைக் கூட்டிப் போனதில்லை. கால்வாசி தூரத்தில் அகலமான ஒரு பாறைத் திண்டு இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் வெயில் மேலிருந்து கீழே இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். மாமா மகன் ஒருவன் "இவ்ளோ தூரம் வந்து தண்ணியத் தொடாமப் போறதா?" என்று எங்களைக் கிண்டல் செய்வான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

கடைசியாகப் போனபோது விளிம்பில் பெரும்பாலான இடத்தில் கைப்பிடிக் கம்பி இல்லை. பாறைப் பலகைகளுக்கு நடுவே கால் மாட்டும் அளவு வெடிப்புகள் உண்டு. விடியற்காலையில் காற்று பலமாக அடிக்கும், தொப்பிக்கு நாடா இல்லாவிட்டால் அது ஆற்றுக்குத்தான். விளிம்புக்குப் பத்தடி முன்பே பிள்ளைகள் உட்கார்ந்துவிட வேண்டும், அதற்கு மேல் தவழ்ந்துதான் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். செல்ஃபி எடுக்கும் மாமாக்களுக்கும் அதைச் சொன்னோம், கேட்கவில்லை.

போவதற்குக் கார்த்திகையிலிருந்து தை வரைதான் காலம். ஆந்திரச் சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி கோட்டைக்கு அருகிலேயே இருக்கிறது, சனி ஞாயிறு அறை கிடைப்பது கடினம், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். காரமில்லாமல் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டுமானால் தயிரும் காரமில்லாத சாப்பாட்டு டப்பாவும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். மறுநாள் பெலும் என்ற நிலத்தடிக் குகைக்குப் போகலாம், உள்ளே புழுக்கமாக இருக்கும், வயதானவர்களுக்கு ஒரு விசிறி எடுத்துக்கொள்ளுங்கள்.