பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும் பதிவுகள்: 13 வருடப் பயன்பாட்டு அனுபவம்

ஆறு வருடத்துக்கு முன்னால் சமூக வலைத்தளக் கணக்கை மூடிவிட்டுப் போன நண்பன் போன வாரம் கேட்டான்: "திரும்ப வரலாம்னு பாக்குறேன். இப்போ எப்படிடா இருக்கு?" "வராதே" என்று தட்டினேன். அழித்தேன். "வா, நல்லாத்தான் இருக்கு" என்று தட்டினேன். அதையும் அழித்தேன். மூன்றாவது தடவை தட்ட ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

எந்தச் சமூக வலைத்தளம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. தினமும் திறப்பது ஒன்று, அவ்வப்போது எட்டிப் பார்ப்பது இரண்டு. மூன்றிலும் சரக்கு ஒன்றுதான். லைக், கமெண்ட், ஸ்டோரி, குட்டி வீடியோ எல்லாம் உங்களுக்கே தெரியும். விளம்பரத் தொல்லை, தூக்கம் கெடுவது, வெட்டிச் சண்டை பற்றியெல்லாம் ஆளாளுக்கு எழுதியாயிற்று. எனக்கு இருப்பது ஒரே ஒரு குறை. 13 வருடத்தில் அது சரியாகவில்லை, முற்றிக்கொண்டுதான் போகிறது.

செயலியைத் திறந்ததும், கடைசியாக மூடியபோது இருந்த பக்கம் அரை வினாடி அப்படியே தெரிகிறது. அதில் ஏதோ ஒன்று கண்ணில் படுகிறது. தெரிந்த முகம், அல்லது பாதி வரி. விரல் அங்கே போவதற்குள் எல்லாம் மறைந்து, புதிதாக வேறு ஏதேதோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. பார்த்தது போயே போய்விட்டது. மேலே இழுத்தாலும் வராது, கீழே தள்ளினாலும் வராது. யாருடையது என்று பெயரைக் கவனித்திருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால் கனவில் கண்ட மாதிரிதான்.

இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் இரவு, படுக்கப் போகும் நேரம். திறந்ததும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மேலே கூடப் படித்த தோழியின் பெயர். "இன்று காலை அப்பா" என்று மூன்று வார்த்தை வரைக்கும் படித்திருப்பேன், திரை ஒரு குலுக்குக் குலுக்கியது. அதே இடத்தில் வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பூனை. தள்ளிக்கொண்டே போனேன். ஷூ விளம்பரம். "வாழ்க்கை எனக்குக் கற்றுக்கொடுத்த பத்துப் பாடங்கள்." யாரோ யாரையோ திட்டியிருந்தார்கள், அதற்கு இருநூறு கமெண்ட். அந்தக் கமெண்டுகளைப் படிக்க ஆரம்பித்தேன். என் மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவள் பெயரைத் தட்டித் தேடியிருந்தால் பத்து வினாடி வேலை. செய்யவில்லை. இருபது நிமிடம் கழித்து போனை வைத்தபோது அந்த மூன்று வார்த்தை மனதில் இல்லவே இல்லை.

பதினோரு நாள் கழித்து இன்னொரு நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. உடனே போன் செய்தேன். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "நீ பார்த்திருப்பேன்னு நெனச்சேன்" என்றாள், அவ்வளவுதான். அப்புறம் வேறு ஏதோ பேசிவிட்டு வைத்தாள்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். "சொன்னேன்" என்று ஒருவர் சொன்னால் எதிரில் ஒரு காது இருந்தது என்று அர்த்தம். கடிதம் போட்டால்கூடப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு சந்தேகம் இருக்கும், பதிலுக்குக் காத்திருப்போம். இப்போது "போட்டேன்" என்பதே "சொன்னேன்" ஆகிவிட்டது. பதிவு போட்டவருக்குச் சொல்லியாயிற்று என்ற நிம்மதி. ஆனால் நடுவில் ஒரு இயந்திரம் உட்கார்ந்துகொண்டு, இது இவருக்கு, இது இவருக்கு வேண்டாம் என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. போட்டவருக்கும் அது தெரிவதில்லை, பார்க்காதவருக்கும் தெரிவதில்லை. அதனால்தான் இரண்டு பக்கமும் மனத்தாங்கல் வருகிறது. "கல்யாணப் போட்டோ போட்டேன், ஒரு லைக் கூடப் போடல." யாருக்குத் தெரியும், அவர் கண்ணில் அது பட்டதா என்று?

இது ஆரம்பத்தில் இருந்தே இப்படித்தான் என்று இளையவர்கள் நினைக்கலாம். 2006 செப்டம்பரில், நண்பர்கள் போடுவதையெல்லாம் ஒரே பக்கத்தில் கொட்டும் ஃபேஸ்புக் நியூஸ் ஃபீட் வருவதற்கு முன்னால் ஒவ்வொருவர் பக்கத்துக்கும் நாமே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அது வந்தபோது பயனர்கள் கொதித்தெழுந்ததும், "அமைதியாக இருங்கள், மூச்சு விடுங்கள், நீங்கள் சொல்வது எங்கள் காதில் விழுகிறது" என்ற தலைப்பில் மார்க் சக்கர்பெர்க் சமாதானம் எழுதியதும் பழைய கதை. அதே 2006இல்தான் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை வடிவமைத்தார். பின்னாளில் அதற்காக அவரே வருத்தப்பட்டார். அது நேரத்தைத் தின்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். என் குறை வேறு. முன்பெல்லாம் பக்கத்துக்கு எண் இருந்தது. "மூன்றாம் பக்கத்தில் பார்த்தேன்" என்று சொல்லலாம், திரும்பப் போகலாம். இதில் போவதற்கு இடம் என்றே ஒன்று கிடையாது. ஆற்றில் எந்த இடத்தில் மீன் துள்ளியது என்று கரையில் கோடு போட்டு வைக்கிற கதைதான்.

2016 மார்ச்சில் இன்ஸ்டாகிராம் கால வரிசையை (புதியது மேலே, பழையது கீழே) கைவிடப் போவதாக அறிவித்தபோது சொன்ன காரணம் இது: தங்கள் ஃபீடில் வருவதில் சராசரியாக 70 சதவீதத்தை மக்கள் தவறவிடுகிறார்களாம். அதனால் முக்கியமானதை மேலே கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். நல்ல எண்ணமாகவே இருக்கட்டும். எது முக்கியம் என்று யார் சொல்வது? லைக் போடுவோமா, கமெண்ட் எழுதுவோமா, எவ்வளவு நேரம் நின்று பார்ப்போம் என்று ஊகித்துத்தான் அந்த இயந்திரம் முடிவு செய்கிறது. சாவுச் செய்திக்கு லைக் போடுவதா வேண்டாமா என்று நாம் எல்லாரும் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு தவித்த காலம் ஒன்று இருந்தது. அழுகிற முகம் உள்ளிட்ட மற்ற பொத்தான்களை ஃபேஸ்புக் எல்லாருக்கும் கொடுத்தது 2016 பிப்ரவரியில்தான். ஆழ்ந்த துக்கத்தில் இருப்பவர்கள் பொத்தானே அழுத்தாமல் நேராகப் போன் செய்வார்கள் என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேருடைய ஃபேஸ்புக் ஃபீடில் சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளையும் சிலருக்குச் சோகமான பதிவுகளையும் குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று ஃபேஸ்புக் தரப்பிலேயே சோதித்தார்கள். மாறியது, மிக மிகச் சிறிய அளவில். 2014இல் ஆய்வு வெளியான பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. விளைவின் அளவு எனக்குப் பெரிதாகப் படவில்லை. யாருக்கோ ஒரு வாரம் நண்பர்களின் சோகம் குறைவாகத் தெரிந்திருக்கிறது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

சரி, திட்டியது போதும். இந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அம்மாவின் பழைய தையல் மெஷின் ஒன்று வீட்டில் கிடந்தது. சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, ஊசி மாற்றி ஓட்டினால், நான்கு தையல் விழும், ஐந்தாவது விழாது. நூலை மாற்றினேன், பாபினைக் கழற்றி மாட்டினேன், டென்ஷன் திருகை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருகினேன். ஒன்றும் ஆகவில்லை. வெறுத்துப்போய் பத்து வினாடி வீடியோ எடுத்துப் போட்டேன். பன்னிரண்டு நிமிடம். முன்பின் தெரியாத ஒருவர், வீடியோவில் இருந்து ஒரு காட்சியை வெட்டி, ஊசியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். "ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் பாருங்க. அதைத் திருப்பிப் போட்டிருக்கீங்க." திருப்பிப் போட்டேன். ஒரு முழம் துணி, ஒரு தையல் தப்பவில்லை. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "யாரு அது? பெரியவங்களா?" என்று கேட்டார். தெரியாது. அவருடைய முகப்புப் படத்தில் ஒரு மரங்கொத்தி. இன்று வரைக்கும் அவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

அவர் என் நண்பர் பட்டியலில் இல்லை. என்னைப் பின்தொடர்பவரும் இல்லை. கால வரிசை மட்டும் இருந்திருந்தால் அந்த வீடியோ அவரிடம் போயிருக்கவே போயிருக்காது. தோழியின் அப்பா இறந்த செய்தியை என்னிடம் இருந்து பிடுங்கிக்கொண்டு போன அதே இயந்திரம்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது. இதை எழுதும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை.

நியாயமாக இருக்க வேண்டும் என்று மூன்று மாதம் கால வரிசையில் மட்டும் படித்துப் பார்த்தேன். அந்த வசதி ஒரு மூலையில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தேடிப் போய்த் தட்ட வேண்டும், மூடித் திறந்தால் மறுபடி பழைய குருடி கதவைத் திறடி. (ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல், ஆளைக் கணித்து வரிசைப்படுத்தாத ஒரு தெரிவையாவது பெரிய தளங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம். சட்டம் போட வேண்டிய அளவுக்கு இது இருக்கிறது.) முதல் வாரம் சுகமாக இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, ஒரு நாளைக்கு முப்பது பதிவு போடும் ஒரு பழைய சகா என் பட்டியலில் இருக்கிறார் என்பது. காலை வணக்கம், அதற்கொரு ரோஜா, அரசியல், மறுபடி ரோஜா. கத்துகிறவர் சத்தம்தான் கேட்கும் என்ற நிலைமை. 2020 அமெரிக்கத் தேர்தலை ஒட்டி ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இதே மாதிரி மூன்று மாதம் கால வரிசை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. மக்கள் அங்கே செலவிட்ட நேரம் குறைந்தது. ஆனால் நம்பகமில்லாத இடங்களில் இருந்து வரும் பதிவுகள் அவர்கள் கண்ணில் படுவது கூடியது. அரசியல் பிளவு குறைந்ததாகத் தெரியவில்லை. படித்தபோது முப்பது ரோஜாக்களும் ஞாபகத்துக்கு வந்தன.

இதற்குள் மக்கள் வேறு ஒன்றுக்குப் பழகிவிட்டார்கள். பதிவை ஒதுக்கிவிடுமோ என்ற பயத்தில், மனிதருக்கு எழுதுவதை விட்டுவிட்டு இயந்திரத்துக்கு எழுதுகிறார்கள். "கொ.லை", "த*ற்கொலை" என்று நடுவில் புள்ளியும் நட்சத்திரமும் வைத்து எழுதுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லிங்க் எப்போதும் முதல் கமெண்டில். "பார்த்தவர்கள் ஒரு புள்ளியாவது வையுங்கள்" என்று கெஞ்சல். போன மாதம் ஒருவர் தன் தாத்தாவுக்கு எழுதிய அஞ்சலியை இரண்டாவது தடவை போட்டிருந்தார், மேலே ஒரு குறிப்போடு: "நேற்று போட்டது ரீச் ஆகவில்லை." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரீச் ஆகாத அஞ்சலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் வைத்தியம் இப்போதைக்கு இது. ஒன்பது பேருக்கு மட்டும் மணியை அழுத்தி வைத்திருக்கிறேன், அவர்கள் எது போட்டாலும் அறிவிப்பு வரும். தோழி அதில் முதல் ஆள். அப்புறம் ஒரு குறுக்கு வழி: பார்த்தது மறைந்துவிடுமோ என்று சந்தேகம் வந்தால், ஃபிளைட் மோட் போட்டுவிட்டுச் செயலியைத் திறப்பேன். இணையம் இல்லாததால் புதிதாக எதையும் கொண்டுவர முடியாமல், பழைய பக்கம் பல சமயம் அப்படியே நிற்கும். இணையம் வழியாக ஆட்களோடு பழகுவதற்காக வைத்திருக்கும் ஒன்றை, இணையத்தை அணைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. சிரிப்புதான் வருகிறது.

மதிப்பெண் கேட்பீர்கள். இன்றைக்கு 5க்கு 2. நேற்று கேட்டிருந்தால் 4 போட்டிருப்பேன், நேற்றுதான் இன்னொருவர் அதே தையல் மெஷினின் பெல்ட்டை எப்படி அளப்பது என்று அளவு நாடாவோடு படம் எடுத்து அனுப்பினார்.

நண்பனுக்குக் கடைசியில் "வராதே" என்றுதான் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "சரிடா. அப்போ உன் விஷயமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?" இந்த ஆறு வருடத்தில் நான் வீடு மாறியது, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது, எதையுமே அவனிடம் சொல்லவில்லை என்பது அதைப் படித்த பிறகுதான் உறைத்தது. எல்லாம் போட்டிருந்தேன்.