பேனா பிளாட்டர்: பழைய மெஷினா, த்ரீடி பிரிண்டரா, சொந்தத் தயாரிப்பா?

கணினி சொல்லும் படத்தைப் பேனாவால் தாளில் வரையும் மெஷின்தான் பிளாட்டர். செலவில்லாமல் அதை ஓட்ட ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் மோட்டாரின் துல்லியத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுழல்வது), பெல்ட்டை இழுக்க 20 பல் புல்லி, ஒவ்வொரு படியையும் பதினாறாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப் போட்டாலே மில்லிமீட்டருக்கு 80 ஸ்டெப் வந்துவிடும். எந்தப் பேனாவின் கோடும் அதைவிடத் தடிமன்தான். பார்க்க வேண்டியது, மெஷின் பேனாவை எப்படிப் பிடிக்கிறது, எப்படி இறக்குகிறது என்பதை.

த்ரீடி பிரிண்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதிலேயே தொடங்கலாம். ஆனால் பேனாவை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். பெட் (தாளை வைக்கும் தட்டு) துளி சாய்ந்திருந்தாலும் ஒரு மூலையில் நிப் நசுங்கும், எதிர் மூலையில் கோடே விழாது. பேனா தன் எடையிலோ மெல்லிய ஸ்பிரிங்கிலோ மேலும் கீழும் வழுக்கும்படி பிடிப்பான் வேண்டும். தூக்கி இறக்குவதும் மெதுவாகவே நடக்கும். குட்டிக் குட்டிக் கோடுகள் நிறைந்த படத்துக்குப் பொறுமை வேண்டும். பிளாட்டர் படங்களைத் தயார்செய்யும் வீபைப் (vpype) மென்பொருளில் கோடுகளை இணைத்து வரிசைப்படுத்தினால் நேரம் நன்றாகக் குறையும்.

1980களின் பழைய பிளாட்டரான ஹெச்பி 7475ஏ வேறு ரகம். ஆறு பேனா, ஏ3 தாள், நிறத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். பழைய பேனாக்கள் காய்ந்திருக்கும், அதனால் இன்றைய பேனாவுக்கு அடாப்டர் அச்சிட வேண்டும். நிப்பின் உயரம் அசல் பேனாவோடு பொருந்துவது முக்கியம். மை ஓடத் திணறினால் வேகத்தைக் குறைக்கலாம், அதற்கென்றே கட்டளை உண்டு. உண்மையான தலைவலி, மெஷினைக் கணினியோடு இணைக்கும் சீரியல் கேபிள். மெஷினின் நினைவகம் சுமார் ஒரு கிலோபைட்தான். 'கொஞ்சம் பொறு' என்று அது கணினிக்குச் சொல்லும் கம்பி கேபிளில் இல்லாவிட்டால், சின்னப் படம் அழகாக வரும். பெரிய படம் பாதியில் தாறுமாறாகிவிடும். பலரும் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைப்பது இந்த இடத்தில்தான்.

ஆர்டினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, அதில் ஓடி மோட்டார்களை இயக்கும் ஜிஆர்பிஎல் (Grbl) மென்பொருள், பேனாவைத் தூக்கி இறக்க ஒரு சின்ன சர்வோ மோட்டார் வைத்து நாமே கட்டுவதுதான் என் தேர்வு. மைப்பேனாவைச் சாய்த்துப் பிடிக்கலாம், பிரஷ்கூட மாட்டலாம். சர்வோவுக்கென மாற்றிய ஜிஆர்பிஎல் பதிப்பைப் போடுங்கள். அப்புறம், பேனாவைத் தடாலென்று இறக்காமல் படிப்படியாக இறக்குங்கள், நிப் நீண்ட நாள் உழைக்கும்.

இல்லை, பழைய மெஷின்தான் வேண்டும் என்றால், வாங்குமுன் அதிலேயே இருக்கும் டெமோ படத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கணினி தேவையில்லை. மை வராவிட்டாலும் பரவாயில்லை, தாள் நகர்வதும் பேனா ஏறி இறங்குவதும் தெரிந்துவிடும். சீரியல் போர்ட்டை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும்.