பள்ளி நாட்களுக்கு மட்டும் குழந்தை: சைல்ட்மைண்டர் கட்டணத்தை வகுக்கும் வழிகள்

இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டர்களிடம், ஆசிரியர்களாக வேலை செய்யும் பெற்றோர் பலர் கேட்பது ஒன்றுதான்: பள்ளி நடக்கும் 39 வாரங்களுக்கு மட்டும் குழந்தையை விடுகிறோம், விடுமுறையான 13 வாரங்களுக்குக் கட்டணம் வாங்காதீர்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் சைல்ட்மைண்டர் சுயதொழில் செய்பவர். அவருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு கிடையாது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளைப் பொதுவாக மூன்று பேருக்கு மேல் அவர் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளவும் முடியாது. அந்த மூன்று இடங்களில் ஒன்று ஆண்டில் கால்பங்கு காலியாகக் கிடந்தால், கோடையில் மட்டும் ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்து விட யாரும் தேடி வரமாட்டார்கள். இந்த இழப்பை யார் தாங்குவது என்பதில்தான் கட்டண முறைகள் வேறுபடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 10 மணி நேரம், மணிக்கு 6 பவுண்டு. வாரக் கட்டணம் 180 பவுண்டு. 52 வாரத்துக்கு 9,360 பவுண்டு.

வந்த வாரங்களுக்கு மட்டும் வாங்கினால் ஆண்டு வருமானம் 7,020 பவுண்டு. குறையும் 2,340 பவுண்டும் சைல்ட்மைண்டரின் தலையில் விழுகிறது. ஆகஸ்டில் அந்த இடத்திலிருந்து ஒரு பென்னிகூட வராது. விடுமுறையில் வேறு வருமானத்துக்கு உறுதி இல்லாதவர் இதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது, விடுமுறை வாரங்களுக்குப் பாதிக் கட்டணத்தை ரீடெய்னராக, அதாவது குழந்தை வராவிட்டாலும் இடத்தைப் பிடித்துவைப்பதற்கான தொகையாக, வாங்குவது. 13 வாரத்துக்கு 90 பவுண்டு வீதம் 1,170 சேர்ந்து, மொத்தம் 8,190 பவுண்டு. மூன்றாவது, விடுமுறைக்கு எதுவும் வாங்காமல், பள்ளி வாரங்களுக்கான மணிக் கட்டணத்தையே 7 பவுண்டாக உயர்த்துவது. வாரம் 210 பவுண்டு வீதம் 39 வாரத்துக்கு அதே 8,190 பவுண்டுதான் வருகிறது. 13 என்பது 39இல் மூன்றில் ஒரு பங்கு, அதில் பாதி ஆறில் ஒரு பங்கு. ஆகவே அடிப்படைக் கட்டணம் எதுவாக இருந்தாலும், ஆறில் ஒரு பங்கு உயர்வும் பாதி ரீடெய்னரும் சமம்.

தொகை ஒன்றாக இருந்தாலும், இரண்டும் தரும் உரிமைகள் ஒன்றல்ல. பாதிக் கட்டணம் கட்டும் பெற்றோர், ஈஸ்டர் விடுமுறையில் அவசரத்துக்கு ஒரு நாள் விடலாம் என்று எண்ணுவார்கள். சைல்ட்மைண்டரோ அந்த வாரம் வேறொரு குழந்தையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவார். ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிராவிட்டால் மனக்கசப்பு நிச்சயம். மேலும், ஜூலையில் பள்ளி மூடும்போதே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் குடும்பம் கோடை ரீடெய்னரைக் கட்டாமலே போய்விட முடியும். உயர்த்திய கட்டணத்தில் இந்த இரண்டு சிக்கலும் இல்லை. பணம் வாராவாரம் வந்து சேர்ந்துவிடும்; விடுமுறையில் அந்த இடம் சைல்ட்மைண்டரின் கையில் இருக்கும். எட்டு வயதுக்குட்பட்டோர் மொத்தம் ஆறு பேர் வரை என்பதால், ஒரு சின்னக் குழந்தை வராத நாளில் பள்ளி செல்லும் பிள்ளை ஒருவரை முழு நாளுக்குச் சேர்க்கலாம்.

நான் உயர்த்திய கட்டணத்தின் பக்கம்தான் நிற்கிறேன். ஆனாலும் அதற்கு ஒரு மெய்யான குறை உண்டு: அடுத்த தெருவில் 6 பவுண்டு என்று கேட்டுவிட்டு வரும் பெற்றோர், 7 என்றதும் திரும்பிவிடலாம். எனவே கட்டணத் தாளில் மணிக் கட்டணத்தோடு ஆண்டுத் தொகையையும் எழுதிக் காட்ட வேண்டும். ரீடெய்னரையே விரும்புகிறவர்கள் ஒரு நியாயத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் தாமும் நான்கு வாரம் கடையடைத்துவிட்டு, அந்த வாரங்களுக்கும் ரீடெய்னர் கேட்பது முறையல்ல. ஒன்பது வாரத்துக்கு 810 பவுண்டு வாங்குவதே சரி.

8,190 பவுண்டு ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 682.50 பவுண்டாக வாங்குவது இரு தரப்புக்கும் நிம்மதி. ஆனால் செப்டம்பரில் சேர்ந்த குழந்தை ஜூலை இறுதியில் விலகினால், 39 வாரப் பராமரிப்பும் முடிந்திருக்க, 11 தவணைகள்தான் வந்திருக்கும். விலகும் நாளில் கணக்குத் தீர்க்கும் விதி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் கடைசித் தவணையைக் கேட்டுப் பெறுவது கடினம்.

அரசு நிதியளிக்கும் பராமரிப்பு மணிநேரங்கள் வந்தால் கணக்கே மாறுகிறது. தகுதியுள்ள, வேலைக்குப் போகும் பெற்றோருக்கு 2025 செப்டம்பர் முதல், ஒன்பது மாதக் குழந்தையிலிருந்தே வாரம் 30 மணி நேரம், 38 வாரங்களுக்கு, அதாவது ஆண்டுக்கு 1,140 மணி நேரம் கிடைக்கிறது. அந்த மணிநேரங்களுக்கு மேல்தொகை வாங்கக் கூடாது. ஆகவே ஆறில் ஒரு பங்கு உயர்வைக் கூடுதல் மணிநேரங்களின் மேல் மட்டுமே வைக்க முடியும். 1,140 மணி நேரத்தையும் 52 வாரத்துக்குப் பரப்பினால் வாரத்துக்கு ஏறக்குறைய 22 மணி நேரம் வரும். ஆசிரியப் பெற்றோருக்கு இது உதவாது; சைல்ட்மைண்டருக்கு ஆகஸ்டிலும் வருமானம் தரும். எனவே பள்ளி வாரங்களுக்கு மட்டுமான இடம் மூன்றில் ஒன்று போதும் என்று வரம்பு வைப்பது விவேகம்.

பள்ளி செல்லும் பிள்ளைகளின் விடுமுறைக்கு மணிக் கட்டணத்தைவிட முன்பதிவோடு கூடிய நாள் கட்டணமே ஏற்றது. வெளியே அழைத்துச் செல்லும் நாளில் பிள்ளை பத்து மணிக்கு வந்தாலும் எட்டு மணிக்கு வந்தாலும் அந்த இடம் முழு நாளும் அவருக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். ஆசிரியர்களுக்கு 195 வேலை நாட்கள், மாணவர்களுக்கு 190 நாட்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இடைப்பட்ட 5 பயிற்சி நாட்களில் ஆசிரியரின் குழந்தை வழக்கம்போல வரும். பள்ளிப் பிள்ளைகளும் முழு நாளுக்கு வந்து நிற்பார்கள். அந்த நாட்களின் கட்டணத்தை ஒப்பந்தத்தில் தனி வரியாகவே எழுதிவிடுவது நல்லது.