லைவ் மியூசிக் ஆர்க்கைவ்: எந்தப் பதிவை எடுப்பது, எப்படிச் சரிபார்ப்பது

ராக் கச்சேரிகளின் ஒலிப்பதிவைக் காசில்லாமல், உரிமைச் சிக்கலும் இல்லாமல் தரவிறக்க லைவ் மியூசிக் ஆர்க்கைவ் தளத்தைவிட நல்ல இடம் இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவும், கச்சேரிப் பதிவுகளைப் பகிரும் ஈட்ரீ என்ற குழுமத்தின் ஆர்வலர்களும் சேர்ந்து 2002-ல் தொடங்கியது. பகிர்வதற்கு அனுமதி கொடுத்த குழுக்களின் கச்சேரிகள் மட்டும்தான் இங்கே ஏறும். ஸ்டுடியோ ஆல்பம் தேடுகிறவர்களுக்கு வேலையில்லை.

இதன் உயிர் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் பகுதி. ஒலிப்பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்றே 1984-ல் அரங்கில் தனி இடம் ஒதுக்கிய குழு அது. அதனால்தான் ஒரே இரவுக்குப் பல பதிவுகள் கிடைக்கின்றன. நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்த்து எடுக்காதீர்கள். பலர் அன்றைய வாசிப்புக்குப் போட்ட மதிப்பெண் அது, ஒலிக்கு அல்ல. 'சோர்ஸ்' (எதிலிருந்து எடுத்தது), 'லினியேஜ்' (எந்தெந்தப் பிரதிகள் வழியாக வந்தது) என்ற இரண்டு வரிகளைப் படியுங்கள். மைக், டாட் டேப் (டிஜிட்டல் ஒலிநாடா), ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு) என்று சங்கிலி குட்டையாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். நடுவில் நாலு கேசட் பிரதிகள் இருந்தால் இரைச்சல் ஏறியிருக்கும், சிம்பலின் ஓசை மங்கியிருக்கும்.

சவுண்ட்போர்டு பதிவு (அரங்கின் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தது) எப்போதும் உசத்தி என்பதும் சரியல்ல. சிறிய அரங்கில் கிட்டார் சத்தம் மேடை ஆம்ப்பிலிருந்தே போதுமான அளவு வந்துவிடும். மிக்ஸரில் அதைக் குறைத்தே வைத்திருப்பார்கள். பதிவில் குரல் முன்னால் நிற்கும், கிட்டார் எங்கோ பின்னால் கேட்கும். மைக் பதிவையும் சவுண்ட்போர்டையும் கலந்த மேட்ரிக்ஸ் இதைச் சரிக்கட்டும். ஆனால் இரண்டும் நேரம் பிசகினால் ஸ்நேர் டிரம்மின் ஒரே அடி இரண்டாக விழும். ஹெட்போனில் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

பெரிய குறை ஒன்று உண்டு. 2005 நவம்பருக்குப் பிறகு டெட்டின் சவுண்ட்போர்டு பதிவுகளைத் தளத்திலேயே கேட்கலாம், இறக்க முடியாது. ரசிகர்கள் மைக்கில் எடுத்தவை மட்டும் தரவிறக்கத்துக்கு உண்டு.

இறக்கும்போது எம்பி3 வேண்டாம், ஃபிளாக் எடுங்கள். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் மூன்று மணி நேரக் கச்சேரி சுருக்காமல் 1.9 ஜிபி, ஃபிளாக்கில் ஏறக்குறைய ஒரு ஜிபிக்கு வரும். எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் (ஒலியின் ஒற்றை அளவீடு) கொண்ட கட்டங்களாக வெட்டுகிறது. நிறுத்தாமல் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் கடைசிக் கட்டம் நிரம்பாமல் ஒரு சின்ன இடைவெளி விழும். இந்த மாதிரிக் குழுவுக்கு அது பாவம்.

இறக்கி முடித்ததும் 'flac -t' கட்டளையை ஓட்டுங்கள், உடைந்த கோப்பு அகப்பட்டுவிடும். பதிவோடு வரும் எம்டி5 (கோப்பைச் சரிபார்க்கும் அடையாளக் குறி) பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்றால் உடனே பதற வேண்டாம். கோப்புக்குள் இருக்கும் பாட்டின் பெயர்க் குறிப்பைத் திருத்தினாலே கோப்பின் எம்டி5 மாறும். எஃப்எஃப்பி (ஃபிளாக் ஃபிங்கர்பிரிண்ட்) என்ற குறி ஒலியை மட்டும் கணக்கிடுவதால் மாறாது, அதை ஒப்பிடுங்கள்.

சிடியில் எழுதுவதானால் ஒவ்வொரு டிராக்கின் நீளமும் சிடியின் ஒரு துண்டான 588 சாம்பிளின் மடங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைசித் துண்டை எழுதும் மென்பொருள் வெறும் மௌனத்தால் நிரப்பும், பாட்டு மாறும் இடத்தில் 'டக்' என்று கேட்கும். எழுதுவதற்கு முன்பே எஸ்எச்என்டூல் (shntool) என்ற மென்பொருளின் 'ஃபிக்ஸ்' (fix) கட்டளையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.